அரை மாத்திரை

காலையில் அரை மாத்திரை, இரவில் அரை
என்று எழுதித் தந்தார்
பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் வீரக்கோன்.
நெஞ்சு எப்போதிருந்து இப்படி அடிக்கிறது?
பதினொரு வருசமாக, என்றேன்.
அவ்வளவு சரியாக எப்படித் தெரியும்?
பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என்றேன்.

அவருக்குக் காகிதச் சுருளில் கோடாக வருவது
எனக்குத் துவக்கின் முன்வளையத்துக்குள் வரும்.
ஐம்பது மீட்டருக்கு அப்பால் கறுப்பு வட்டம்
ஒரு நூல் எம்பும், ஒரு நூல் இறங்கும்,
எம்பும், இறங்கும்.
சில நேரம்
எம்ப மறந்து நிற்கும்.
அந்த மறதிக்குத்தான் மருந்து.

மருந்தின் பெயர் தடைப்பட்டியலில் இருந்தது.
நெஞ்சைத் தணிக்கும், கையை நிறுத்தும்,
ஆகவே களவு.
குணமானால் கள்ளி.
குணமாகாத வரைக்கும் நேர்மையானவள்.
ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டேன்.

அப்புத்தளைத் தபால் கந்தோரில்
நாள் முழுக்கத் திகதி முத்திரை குத்தும் கை.
சனிக்கிழமை லீவு போட்டு ஆறவிட்டேன்.
வெள்ளியிலிருந்து தேத்தண்ணி இல்லை.
சுற்றிவர மலை முழுக்கத் தேயிலை, எனக்கு வெந்நீர்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
எல்லாருக்கும் சாயம் வடித்துவிட்டு
என் கோப்பைக்கு மட்டும்
கேத்தலைச் சும்மா சரித்தாள்.

தியத்தலாவை. முகாம் வாசல்.
துவக்குப் பெட்டியோடு ஒரு தமிழ்ப் பெண்.
அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பி
ஊரைக் கேட்டான் காவலுக்கு நின்ற பையன்.
சொன்னேன்.
மறுபடி கேட்டான்.
மறுபடி சொன்னேன்.
அங்கே அடித்த அடிக்கு
யாரும் மருந்து எழுதுவதில்லை.

பாயில் குப்புறப் படுக்கிறேன்.
இடக்கை வாரை ஒரு துளை தளர்த்தி
நாடி ஓடும் உட்புறத்திலிருந்து
வெளித்தசைக்கு நகர்த்துகிறேன்.
வலது முழங்காலை மடக்கி மேலே இழுத்தால்
வயிறு தரையைவிட்டு எழும்பும்,
நெஞ்சு மண்ணை இடிக்காது.
தடித்த கோட்டுக்குள் இன்னொரு கம்பளி.
மூச்சில் பாதியை விட்டுவிட்டு
மீதியோடு இருக்கிறேன்.
இவ்வளவு செய்தாலும் அது போய்விடாது.
சின்னதாகும்.
பத்தாம் வளையம் ஒரு சட்டைப் பொத்தானளவு.
அதற்குள் ஆடினால் ஆடட்டும்.

எங்கள் மலையில் கொழுந்து நிறுக்கும்போது
தராசு முள் ஆடி நிற்பதற்குள் எழுதிவிடுவார்கள்.
அம்மாவின் முப்பது வருசச் சம்பளம்
நிற்காத முள்ளில் எழுதியது.
நான் முள் நிற்கும்வரை காத்திருக்கிறேன்,
வேறொரு வித்தையும் தெரியாது.

ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை என்று
ஏழாம் வகுப்பில் படித்தது
இங்கே வந்து ஏன் நினைவுக்கு வர வேண்டும்?
உயிர் சேராத எழுத்து.
தலையில் ஒரு புள்ளி.
ஒன்று இறங்கி அடுத்தது எம்புமுன்
அவ்வளவுதான் இடம்,
விரல் அதற்குள் போய்த் திரும்ப வேண்டும்.

புல்மலைச் சரிவில் காற்றுக்கொடிகள் சாய்ந்து நிமிர்ந்தன.
ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
கடைசித் தோட்டாவுக்கு
வட்டம் எம்பவில்லை.
மறந்து நின்றது.
பொத்தானை யாரோ தைத்துவைத்ததுபோல் நின்றது.
பதினொரு வருசமாக நான் கேட்ட அசையாமை
இதோ, கேட்டதைவிட அதிகமாக.

விரலை எடுத்துவிட்டேன்.

பிறகு அது ஒரேயடியாகக் குதித்தது,
கடைசி பஸ்ஸை விட்டவன்
கதவைத் தட்டுவதுபோல்.
ஆறவிட்டுச் சுட்டேன். ஒன்பது.
நான்காமிடம்.

அசையாமல்தானே நின்றது, சுடவேண்டியதுதானே,
என்றாள் பக்கத்துப் பாய் நதீஷா, சிங்களத்தில்.
அது திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்
என்பதற்கு
எனக்குச் சிங்களம் போதவில்லை.

கன்டீனில் சாயத்தேத்தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டு.
இரண்டு கோப்பை.
இனி இவ்வளவு கிட்டத்தில்
அதைக் காணப்போவதில்லை.
மாத்திரையை நடுக்கோட்டில் உடைத்தேன்,
கோணலாக உடைந்தது.
பெரிய பாதியை விழுங்கினேன்.